ஹீட் போடாமல் விற்ற ஃபயர்பிளேஸ்

1. ஒரு போன்

"சார், நெருப்பு நல்லா எரியுதுங்க. குளிருதான் அப்படியே இருக்குது. நாங்க எதுனா தப்பா போட்டுட்டமா?"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் நான் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். தை மாதத்தில் ஒரு நாள் காலை, கடை திறந்ததும் இந்த போன் வந்தது. பேசியவர் பெயர் அண்ணாமலை. மலைமேல் கரியாலூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் மரவள்ளி போடுகிறவர். எட்டு நாளைக்கு முன்னால் நான்தான் அவருக்கு ஓர் எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் விற்றேன்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அவர் எதையும் தப்பாகப் போடவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். அதனால்தான் குளிர் போகவில்லை. "லைன்ல இருங்கண்ணே, செக் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, எதையும் செக் பண்ணாமல் போனைப் பிடித்தபடி நின்றேன்.

இப்போது கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஹீட்டர் செக்‌ஷனை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வீட்டுக்கு எந்த ஹீட்டர் என்று எழுதித் தரச் சொன்னார் ஓனர். நான் சரியாக விற்றதை எழுதினால் அது விளம்பரம் மாதிரி இருக்கும். அதனால் தப்பாக விற்றதை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2. புகை இல்லாத நெருப்பு

கள்ளக்குறிச்சி வெயிலுக்கு ஃபயர்பிளேஸ் எதற்கு என்று கேட்பீர்கள். மலையில் காட்டேஜ் கட்டிய ஒருவர் நாலைந்து ஆர்டர் கொடுத்து, அதில் ஒன்றை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டார். அது எங்கள் டிஸ்ப்ளேயில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் விறகுக்கட்டை மாதிரி செய்து, அதன் மேல் எல்.இ.டி. வெளிச்சத்தில் தீ நெளியும். பார்க்க அசல் தீ தான்.

"ஆறு மாசமா இங்கயே தூங்கிகினு கெடக்குது" என்று ஓனர் தினமும் அதன் தலையில் தட்டுவார். "நீ இங்கிலீசு புக்கெல்லாம் படிக்கிற ஆளாச்சே. பேசித் தள்ளி வுடுடா."

உண்மையில் அதன் மேனுவலை முழுக்கப் படித்தவன் கடையில் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அச்சடித்த எதைக் கண்டாலும் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம். அதில் இரண்டு பட்டன் உண்டு. முதல் பட்டன் தீயைக் காட்டும். இரண்டாவது பட்டன் ஹீட், இரண்டாயிரம் வாட்ஸ். கடையில் ஏசி ஓடுவதாலும், டிஸ்ப்ளேக்கு இழுத்திருந்தது சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்பதாலும் ஹீட் போடக் கூடாது என்பது ஓனர் உத்தரவு.

அண்ணாமலை வந்த அன்று கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. டிவி, பிரிட்ஜ் எதையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"சார், பொகை இல்லாத நெருப்பு எதுனா இருக்குதுங்களா?"

"யாருக்குண்ணே?"

"வூட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது. பொகையே ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல நெருப்பு மூட்டாம தை மாசம் படுக்க முடியாதுங்க. குளிரும் அவளுக்கு ஆவாது. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கினு கீறோம்."

அப்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய. கூரை ஓடா, கான்கிரீட்டா? வீட்டில் பவர் பிளக் இருக்கிறதா? ஒயர் எவ்வளவு தடிமன்? அவர் மனைவி எங்கே உட்காருவார், எங்கே படுப்பார்? நான் கேட்டது ஒன்றே ஒன்று. "பட்ஜெட் எவ்வளவுண்ணே?"

கீழ்த்தட்டில் இரண்டு ராடு குவார்ட்ஸ் ஹீட்டர் தூசி படிந்து கிடந்தது. ஒரு ராடு போட்டால் நானூறு, இரண்டும் போட்டால் எண்ணூறு வாட்ஸ். பார்க்கக் கோழிக்கூண்டு மாதிரி இருக்கும். ஆனால் அவர் நெருப்பு கேட்டார், நெருப்பு எதிரிலேயே நின்றது. முதல் பட்டனை அழுத்தினேன். தீ நெளிந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கிட்டே வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"சூடு தெரியுதாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லேசா தெரியுதுங்க."

ஹீட் ஆஃபில் இருந்தது. அவர் கையில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு நிம்மதியாக இருந்தது. "வூட்டுல போட்டா இன்னும் ஜாஸ்தியா வரும்" என்றேன்.

3. இலவசமாகக் கொடுத்த கன்வெர்ட்டர்

பேக் பண்ணும்போது, "இவ்ளோ பெரிய முள்ளு எங்க வூட்டு பிளக்குல போவாதுங்களே" என்றார். அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருகுகிற கன்வெர்ட்டர் ஒன்றை டிராயரிலிருந்து எடுத்து, "இது நம்ம கடை கிஃப்ட்டுண்ணே" என்று அவர் பையில் போட்டேன். அவர் கும்பிட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளக் பெரிதாக இருப்பது காரணத்தோடுதான். இரண்டாயிரம் வாட்ஸ் இழுக்கிற பொருளைச் சின்ன சாக்கெட்டில் கன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால், ஒன்று ப்யூஸ் போகும், இல்லை ஒயர் உருகும். இது மேனுவலில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. படித்தவன்தான் கொடுத்தேன்.

மறுநாளே போன் வந்தது. "பட்டனப் போட்டா கொஞ்ச நேரத்துல பீசு போயிடுதுங்க. வூடே இருட்டாயிடுது."

மேலே போய்ப் பார்த்திருக்க வேண்டும். போனால் ஓனரிடம் காரணம் சொல்ல வேண்டும். அதனால் போனிலேயே சொன்னேன்: "ரெண்டாவது பட்டன தொடாதீங்கண்ணே. மொத பட்டன் மட்டும் போடுங்க."

ப்யூஸ் போவது நின்றுவிட்டது. கம்ப்ளெயின்ட் நோட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் போன் இல்லை. நான் மறந்தும் போனேன். பிறகுதான் முதலில் சொன்ன அந்த போன்.

4. மலை வீட்டில்

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். வோல்டேஜ் கம்மி என்று சொல்லலாம். கம்பெனி மேல் போடலாம். இரண்டையும் மனதுக்குள் பேசியும் பார்த்துக்கொண்டேன்.

ஓட்டு வீடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் திறப்பு. மூன்று மணிக்கே அந்த வழியாகப் பனிக்காற்று இறங்கியது. ஃபயர்பிளேஸ் மஞ்சள், குங்குமம் வைத்து நடுவீட்டில் எரிந்துகொண்டிருந்தது. எதிரே கம்பளி போர்த்தி அண்ணாமலையின் மனைவி வெள்ளச்சி அக்கா உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுக்கும் சத்தம் வாசலுக்கே கேட்டது. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி வாசற்படியில் நின்று, "இதுல சீரியல் வருமா சார்?" என்று கேட்டாள்.

நான் சொன்னதை நம்பி வீட்டுக்குள் விறகு நெருப்பை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். எட்டு ராத்திரி, சூடே இல்லாத தீக்கு முன்னால் படுத்திருக்கிறார்கள். இழுப்பு அதிகமாகி, இரண்டு நாள் அக்காவை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து மாஸ்க் வழியாக மருந்து கொடுத்திருக்கிறார்கள். சாக்கெட்டில் நான் கொடுத்த கன்வெர்ட்டர் ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்தது.

"எங்களுக்குத்தான் வைக்கத் தெரியல தம்பி" என்றார் அண்ணாமலை. "கதவு பக்கம் வெச்சிப் பாத்தேன், செவுத்துப் பக்கம் வெச்சிப் பாத்தேன். படிக்காத ஆளுங்க பாருங்க."

என் அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். பேங்கில் யாராவது "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாமலேயே "புரிஞ்சுதுங்க" என்பார். வெளியே வந்து என்னிடம், "இன்னாடா சொன்னாங்க?" என்று கேட்பார். சின்ன வயதில் அந்தக் கவுன்ட்டர்காரர்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரும்.

வோல்டேஜ் கதை வாயில் வரவில்லை.

"அண்ணே, நீங்க தப்பா வைக்கல. ரெண்டாவது பட்டன்தான் சூடு. அதத்தான் நான் போட வேணான்னு சொன்னேன். கடையிலயும் அன்னிக்கி சூடு போடல. போடலன்னு தெரிஞ்சுதான் சூடு தெரியுதான்னு கேட்டேன்."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கையில ஒண்ணும் தெரியலதான் தம்பி. நீங்க படிச்சவரு கேக்குறீங்களே, தெரியலன்னா நல்லாருக்காதேன்னு..."

கம்பளிக்குள்ளிருந்து வெள்ளச்சி அக்கா பேசினார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது.

"இல்லாத சூட்ட இவரு தெரியுதான்னு கேட்டாராம். அவரு தெரியுதுன்னாராம். நல்ல மரியாத. எட்டு நாளு நடுங்குனது நானு."

5. ஓனர்

ஃபயர்பிளேஸைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று ஓனரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று தெரியும். அதனால், "ஹீட் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று முந்திக்கொண்டேன்.

"ஆமாண்டா. ஹீட் போடாதேன்னு நாந்தான் சொன்னேன்" என்றார். "சூடு தெரியுதான்னு கேக்கச் சொன்னது யாரு?"

 ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. கீழ்த்தட்டில் கிடந்த ராடு ஹீட்டரையும் நல்ல ஒயரையும் எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனோடு போ, வரும்போது ஃபயர்பிளேஸைத் திருப்பி எடுத்து வா என்றார்.

6. எந்த வீட்டுக்கு எது

கண்ணாடி ஜன்னலை மூடினால் காற்று வெளியே போகாத ரூம், பதினைந்து ஆம்ப்ஸ் பவர் பிளக், அதற்கென்று தனி ஒயர் இருந்தால் ஃபயர்பிளேஸ் தாராளமாகக் கொடுக்கலாம். அது காற்றைச் சூடாக்கும் சாதனம். ராத்திரி முழுக்க மூடிய ரூமில் படுப்பவர்களுக்கு ஆயில் ஹீட்டர் நல்லது, அதற்கும் அதே பவர் பிளக் வேண்டும். ஃபேன் ஹீட்டர் சீக்கிரம் சூடேறும், ஆனால் தூசியையும் கிளப்பும். மூச்சுத் தொந்தரவு உள்ள வீட்டுக்கு நான் தருவதில்லை. ஓட்டு வீட்டில் காற்றைச் சூடாக்கினால் அது கூரை வழியாகப் போய்விடும். அங்கே எதிரில் இருக்கிற உடம்பை நேராகச் சூடாக்குகிற ராடு ஹீட்டர்தான் சரி. கரண்டும் கம்மி. மூன்று அடி தள்ளி வைக்க வேண்டும், துணி படக் கூடாது, தூங்கப் போகும்போது அணைக்க வேண்டும்.

மறுநாள் அண்ணாமலை வீட்டில் எலக்ட்ரீஷியன் புது ஒயர் இழுத்து, புது சாக்கெட் போட்டார். நான் ராடு ஹீட்டரைச் சொருகினேன்.

"போட்டுட்டு ஓடிடாத" என்றார் வெள்ளச்சி அக்கா. "குந்து. நான் சொன்னப்புறம் போ."

உட்கார்ந்தேன். இரண்டு ராடும் சிவந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எலக்ட்ரீஷியன் வெளியே போய் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். கடைசியில் கம்பளியிலிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு இன்னொன்று. திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினார். பிறகு கம்பளியைத் தோளிலிருந்து கீழே தள்ளினார்.

"ம்" என்றார். புருஷன் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நீயும் வந்து கைய நீட்டு. நீட்டிட்டு உள்ளத சொல்லு."

அண்ணாமலை வந்து கையை நீட்டினார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுடுதுடி" என்றார்.

அந்தத் தை மாதம் அக்கா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பிறகு போனில் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த ஹீட்டர் முதல் நாளும் எங்கள் கீழ்த்தட்டில்தான் இருந்தது.

நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் சட்டைக்கும் இங்கிலீஷுக்கும் மரியாதை கொடுத்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பொருள் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹீட்டரை ஆன் பண்ணிவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நேரமானாலும் பரவாயில்லை, அவர்களே சொல்லட்டும்.