மருந்தியல் கிடைக்காத வருடம்

அரசுப் பல்கலைக்கழக முடிவு வந்த மதியம், கைப்பேசியைப் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன். அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"கெடைக்கலம்மா."

"ஃபார்மசி கெடைக்கலியா?"

"எதுவுமே கெடைக்கல."

அம்மா மீனைத் திருப்பிப் போட்டார். பிறகு, "சர்ச்ல என்னான்னு சொல்றது?" என்று கேட்டார்.

அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. மஸ்ஜித் தானா ஊருக்கு அருகிலுள்ள எங்கள் எஸ்டேட்டிலிருந்து சர்ச் பூசைக்கு வரும் குடும்பங்கள் எல்லாம் நான் மருந்தாளராக வேண்டுமென்று ஜெபித்தவை. முட்டி வலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று என்னிடம் இப்போதே கேட்கத் தொடங்கியிருந்தவர்களும் உண்டு.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மாலையில் வந்து விஷயத்தைக் கேட்டவர், குளித்துச் சாப்பிட்டுவிட்டு, "சரி, வேற காலேஜ் பாப்போம்லா" என்றார். அழுவதற்குத் தயாராக இருந்த எனக்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மூவரும் காரில் கிளம்பினோம். முதலில் கிளேபாங். மேசை நாற்காலி விற்கும் தளவாடக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கல்லூரியில் ஆய்வுக்கூட டிப்ளோமா இருந்தது. ஆய்வுக்கூடத்தைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். சாவி வைத்திருந்தவர் விடுப்பில் போயிருந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே ஒரு மைக்ராஸ்கோப் தெரிந்தது.

"இத எப்படி எல்லாப் பிள்ளைங்களும் பாக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"மாத்தி மாத்திப் பாப்பாங்க, அங்கிள்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

ஆனாலும் அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. எதிர்ப்புறம் தேங்காய் ஷேக் விற்றார்கள்.

அடுத்தது புக்கிட் பெருவாங். அங்கே கணக்கியல் டிப்ளோமா. கழுத்துப்பட்டை கட்டிய தமிழ் இளைஞர் ஒருவர் எனக்கு விளக்கிக்கொண்டிருக்க, அம்மா சுவரில் இருந்த பாலர் கல்விச் சான்றிதழ் படிப்பின் விளம்பரத்தையே பார்த்தபடி இருந்தார்.

"ஆண்டி, நீங்க என்ன வேல செய்றீங்க?"

"டாடிகாவுல. பாலர் பள்ளிச் சின்னப் பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுவேன், பாட்டுச் சொல்லித் தருவேன். ரொம்ப வருசமா."

இளைஞர் நாற்காலியை என்னிடமிருந்து அம்மா பக்கம் திருப்பினார். "அப்ப வேல அனுபவத்த வச்சே நீங்க அந்தப் படிப்புல சேரலாம், ஆண்டி. சனிக்கெழம மட்டும்தான் கிளாஸ்."

"நான் ஸ்கூல்ல கணக்குல ஃபெயிலு, தம்பி."

"பரவால்ல, ஆண்டி."

முடிவு வந்ததிலிருந்து நான் கேட்க ஏங்கிய சொல் அது. அம்மாவுக்குக் கிடைத்தது.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அம்மா மெதுவாக, "நான் சேந்தா என்ன?" என்றார். விளக்கு பச்சையாகியும் கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அப்ப சனிக்கெழம சமையலு?" என்று கேட்ட அப்பா, அடுத்த சந்திப்பு வருவதற்குள் தானே பதிலும் சொன்னார். "கடையில பொங்குஸ் பண்ணி வீட்டுக்கு எடுத்தாந்துக்கலாம்."

"அப்ப நான் கிளேபாங்கே போறேன்" என்றேன். "அம்மாவும் மகளும் ஒரே காலேஜுக்கா?"

"ஒனக்குத் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும். எனக்குச் சனி. ஒன்னத் தெரியாதுன்னே சொல்லிடறேன்."

இரண்டு மூன்று நாள் யோசித்தேன். கணக்குப் பாடம் எனக்குச் சுமாராக வரும். அந்த ஒற்றை மைக்ராஸ்கோப்பின் முன்னே வரிசையில் நிற்பதை நினைத்தால்தான் மனம் ஒப்பவில்லை. புக்கிட் பெருவாங் என்று முடிவானது.

அம்மா முதல் சனிக்கிழமையே வாக்கை மீறினார். திங்கட்கிழமை வாசல் காவலாளி என்னை நிறுத்தி, அம்மா அசைன்மென்ட் முடித்துவிட்டாரா என்று விசாரித்தார். கேண்டீனில் எனக்கு ஆண்டி மகள் என்றே பெயர். சர்ச்சில் அம்மா, "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு காலேஜ் கெடச்சிருக்கு" என்று அறிவித்தார். மருந்தியல் என்னவாயிற்று என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே அம்மா சான்றிதழ் வாங்கிவிட்டார். பட்டமளிப்பு மேடையில் அவர் போட்டிருந்த அங்கி தரையைக் கூட்டியது. அதைத் தூக்கிப் பிடித்தபடி, மீன் சந்தையில் ஈரத்தைத் தாண்டுகிறவர்போல நடந்தார். அப்பா எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அவர் கட்டைவிரலும் விழுந்திருந்தது. நான் அப்போதுதான் அழுதேன். பக்கத்து நாற்காலிப் பெண் டிஷ்யூ நீட்டி, மேடையிலிருந்த அம்மாவைக் காட்டி, "உங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து டிப்ளோமாவுக்கும் சேர்ந்துவிடுவார்.