ஏழாம் அத்தியாயத்தை வெட்ட மாட்டேன்

என் நாவலை ஒருவர் புகழ்ந்து எழுதியபோது எனக்கு வந்த கோபம், அதற்கு முன்னும் பின்னும் யார் திட்டியும் வந்ததில்லை.

நான் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்தாத மாலைகளில் அந்த நாவலை எழுதினேன். தமிழில் இயற்பியல் நாவலா, யார் படிப்பார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மந்திரம், மாயம், பச்சை நிறத்தில் வேற்றுக்கிரகவாசி எதுவும் அதில் கிடையாது. கணக்குக்கு ஒத்துவராத ஒரு வரிகூட உள்ளே வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

கதை இதுதான். பூமியைச் சுற்றி ஒரே வட்டப்பாதையில் இரண்டு விண்கலங்கள் போகின்றன. முன்னால் போவதில் தம்பி, பின்னால் வருவதில் அக்கா. தம்பியின் கலத்தில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. அக்கா அவனைப் பிடித்தாக வேண்டும். ரோட்டில் செய்வதுபோல் வேகத்தைக் கூட்டினால் காரியம் கெட்டுவிடும். கலம் மேலே ஏறிவிடும். அங்கே சுற்று பெரிது, இன்னும் பின்தங்கிப் போவாள். அதனால் அவள் பிரேக் போடுகிறாள். வேகம் குறைந்ததும் கலம் பூமிப் பக்கமாகச் சரிகிறது. சரியச் சரிய வேகம் பிடிக்கிறது. உள்ளே சுற்றும் சின்னது. ஒரு சுற்று முடிந்து மறுபடி மேலே வரும்போது தம்பியின் பக்கத்தில் வந்து சேர்கிறாள். இதை ஏழாம் அத்தியாயம் கணக்கோடு விளக்குகிறது. எட்டாம் அத்தியாயத்தில் தம்பி ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். அக்காவின் கலம் பின்வாங்கி, கீழே இறங்கி, கண்ணிலிருந்து மறைகிறது. நாவலின் கடைசி வரியில் அவனுடைய கதவை யாரோ தட்டுகிறார்கள்.

அந்த விமர்சகர் லேசில் யாரையும் பாராட்டாதவர். சிற்றிதழில் அவர் இரண்டு பக்கம் எழுதினால் எழுத்தாளர்கள் இரண்டு நாள் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். அவர் என் நாவலைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தார். இரத்தபாசம் என்ற பழைய பொய்யை உடைத்தெறிந்து, சாகப்போகும் தம்பியை விட்டுவிட்டுத் தன் வழியே போகும் துணிச்சலான பெண்ணாம் என் கதாநாயகி. கடைசியில் கேட்கும் தட்டல், மூச்சு முட்டும் தம்பியின் பிரமையாம். ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் பாடப்புத்தக வாடையாம். அதை எடுத்துவிட்டால் நாவல் உன்னதமாம். மனுஷன் அந்த அத்தியாயத்தைப் படிக்கவே இல்லை என்று திட்டித் தீர்த்தேன்.

மறுநாளே பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், எங்கயோ போயிட்டீங்க. ரெண்டாவது பதிப்பு போட்டுடலாம். அவர் எழுதினதைப் பின்னட்டையில போடுவோம். அந்த ஏழாவது சாப்டரை மட்டும் தூக்கிடலாம்."

"அது போனா, அக்கா தம்பியை விட்டுட்டு ஓடினவளா ஆயிடுவா சார்."

"அதைத்தானே மேடம் அவர் புகழ்றாரு?"

வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கோவளத்துக்காரர்கள். அப்பா இறந்த வருடம்தான் எனக்குத் தாம்பரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அம்மா கரையில் மீன் வாங்கித் தெருவில் விற்றாள். தம்பி ஐந்தாம் வகுப்பு. நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாப்பில் என் பையைப் பிடித்துக்கொண்டு அவன் விடவில்லை. விரல்களைப் பிரித்துவிட்டுத்தான் ஏறினேன். நான் படித்து வேலைக்குப் போனால்தான் மூன்று பேரும் கரையேற முடியும் என்பது என் கணக்கு. "அக்காக்காரி தப்பிச்சிக்கினா" என்பது ஊர் போட்ட கணக்கு. வேலை கிடைத்த கையோடு மேற்குத் தாம்பரத்தில் வீடு பிடித்து இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவன் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டு, சிறுசேரி கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்ட ஆரம்பித்தான். அந்த வருடங்களைப் பற்றி நாங்கள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஊர் வசையாகச் சொன்னதையே இந்த விமர்சகர் வாழ்த்தாகச் சொல்லிவிட்டார்.

குரோம்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நாவலுக்கு விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். அவர் வந்து அச்சில் சொன்னதையே இன்னும் அழகாகப் பேசினார். கைதட்டல் அடங்கியதும் என்னை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, போர்த்திய சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் போனேன். காலை வகுப்பின் வேதியியல் இன்னும் அழியாமல் இருந்தது. அதை அழித்துவிட்டு இரண்டு வட்டம் போட்டேன். அக்கா எங்கே பிரேக் போடுகிறாள், எங்கே சரிகிறாள், எங்கே வந்து தம்பியைப் பிடிக்கிறாள் என்று காட்டினேன். முன்வரிசையில் பதிப்பாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விமர்சகர் எழுந்தார். சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

"நீங்க போர்டுல போட்டது நல்லாப் புரிஞ்சதும்மா," என்றார் நிதானமாக. "ஆனா வாசகன் வீட்ல போர்டும் இல்லை, நீங்களும் இல்லை. அந்த அத்தியாயத்துக்குள்ள நுழைய நானும் மூணு தடவை பார்த்தேன். முடியலை. அதனால, புத்தகத்துல இருக்கிறவ ஓடித்தான் போறா."

கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். படிக்கவே இல்லை என்று நான் திட்டிக்கொண்டிருந்த மனிதர் படிக்க முயன்று தோற்றிருக்கிறார். அது இன்னும் வலித்தது.

கீழே தம்பி வேனோடு காத்திருந்தான். கூட்டத்துக்கு மேலே வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தான். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும், "அக்கா, உன் புக்கைப் படிச்சேன்க்கா," என்றான்.

"எப்படா?"

"போன மாசமே. ஒரு சாப்டர் முச்சூடும் நம்பரா இருந்திச்சு, அதைத் தாண்டிட்டேன். மத்ததெல்லாம் படிச்சேன்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என்னை வுட்டுட்டுப் போனதை நீயே எழுதிட்ட. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்க்கா. நீ இன்னும் அதையே நெனச்சிக்கினு கீறியேன்னுதான் பேஜாரா கீது."

செய்யாத தப்புக்கு இத்தனை வருடமாக என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான். அழுதிருப்பேன், ஆனால் அழுதால் அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வான் என்று தோன்றியது.

"டேய், காலையில உன் வேனைத் தாம்பரத்துல தவறவிட்டவங்க என்னடா பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு இப்ப அது?"

"சொல்லு."

"நான் பல்லாவரம் போய், துரைப்பாக்கம் சுத்திக்கினுதானே போறேன். அவங்க எதிர்ப்பக்கமா கிழக்குத் தாம்பரம் போய் மேடவாக்கம் வழியா பஸ்ஸு புடிச்சி, எனக்கு முன்னாடி சோழிங்கநல்லூர்ல வந்து நிப்பாங்க."

"தவறவிட்டவங்க கிளம்பும்போது, வேன்ல உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லீவு போட்டுட்டு வூட்டுக்குத் திரும்பிப் போற மாதிரி..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

நாங்கள் நின்றிருந்த சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அப்ப அவ வுட்டுட்டுப் போகலையாக்கா?"

"இல்லடா."

என்னை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நம்பினானா இல்லையா என்று அவன் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கதையில் வருகிறவளை நம்புவது வேறு, என்னை நம்புவது வேறு.

அன்றே ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். வெட்டுவதற்காக இல்லை, யாரும் தாண்டிப் போக முடியாதபடி திரும்ப எழுதுவதற்காக. பாடம் நடத்துகிற என் குரல் முழுக்கப் போனது. பிரேக் போடுவதற்கு முன் அக்கா ரேடியோவில் தம்பியிடம் பேசுகிறாள். போகாதே என்று அவன் கத்துகிறான். போகவில்லை, வருகிறேன், நீயே கணக்குப் போட்டுப் பார் என்கிறாள். அவன் தப்பாகப் போடுகிறான். அக்கா திட்டுகிறாள். மறுபடி போடுகிறான். பையைப் பிடித்த விரல்களைப் பிரித்தபோது கோவளத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் அந்த ரேடியோவில் சொல்ல வைத்தேன். எழுதினேன், பிடிக்கவில்லை, கிழித்தேன், மறுபடி எழுதினேன். அந்த வருடம் அரையாண்டு விடுமுறை முழுக்க அதிலேயே போனது.

"தூக்கச் சொன்னா இழுத்து வெச்சிருக்கீங்களே மேடம்," என்று பதிப்பாளர் புலம்பினார்.

"இப்படியே போடுங்க, இல்லன்னா விட்டுடுங்க. அவர் பாராட்டும் வேண்டாம். பின்னட்டை வெறுமையா இருக்கட்டும்."

கொஞ்ச காலம் என் போனை எடுக்காமல் இழுத்தடித்தார். நான் விடவில்லை. கடைசி பெஞ்சுப் பையன்களையே நிமிர்ந்து உட்கார வைக்கிறவள் நான், இவரைச் சமாளிக்க முடியாதா என்ன. தொல்லை தாங்காமல் கடைசியில் அச்சுக்குக் கொடுத்தார். முதல் பிரதியைத் தம்பியிடம் கொடுத்தேன். டேஷ்போர்டில் வைத்துக்கொண்டான். படித்தாயா என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சிற்றிதழில் அதே விமர்சகர் மறுபடி எழுதினார். முதல் பதிப்பில் வானளவு நின்ற பெண், தம்பியைப் பிடிக்கப் பிரேக் போடும் சாதாரண அக்காவாகக் குறுகிவிட்டாளாம். அதுவும் யாருக்கும் சந்தேகமே வராதபடி எழுதப்பட்டிருக்கிறதாம். ஒரு நல்ல நாவலை ஆசிரியையே கெடுத்துவிட்டாராம். ஸ்டாஃப் ரூமில் அதைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். புரிந்துவிட்டது அவருக்கு, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். தாம்பரம் ஸ்டேஷன் கடையில் அந்த இதழை வாங்கியிருக்கிறான்.

"அந்தாளு இன்னாக்கா இப்படித் திட்டிகீறான்?"

"திட்டட்டும் விடுடா."

"அதெப்படி வுடுறது? அவ தம்பிக்கோசரம்தானே பிரேக் போட்டா? வுட்டுட்டுப் போயிருந்தா இவனுக்கு நல்லாருந்திருக்குமா? அந்தத் தம்பியே அக்கா வருவான்னு கணக்குப் போட்டுக்கினு உக்காந்துகீறான், நடுவுல இவனுக்கு இன்னா வந்திச்சு?"

அவன் கத்திக்கொண்டே போனான். திட்டி முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.