நடுக்களத்துச் செல்லக்கண்ணு

தேநீர் மேசைக்கு வந்து சேர்வதற்குள் செல்லக்கண்ணு இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிடுவார். முதலில் இடது தோளுக்கு மேல், அப்புறம் வலது தோளுக்கு மேல். தின்கன்ஜூனில் எங்கள் தெருமுனை லபெயே கடையில், அதாவது பர்மியத் தேநீர்க் கடையில், அவருக்குப் பின்னால் இருப்பது ஒரு தண்ணீர்ப் பானையும் தூங்குகிற நாயும்தான். இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கோப்பையைத் தொடுவார். கோயிலில் விபூதி வாங்கும்போதும் இதே கதை. “யாரைத் தேடுறீங்க?” என்று குருக்களே ஒருநாள் கேட்டுவிட்டார்.

“பந்து காலுக்கு வர்றதுக்கு முந்தியே சுத்தி யாரு நிக்கிறான்னு பாத்துரணும். வந்தப்புறம் பாக்க நேரம் இருக்காது” என்பார் செல்லக்கண்ணு. “ஆடுன காலத்துப் பழக்கம். கழுத்து தானாத் திரும்புது, நான் என்ன பண்ண?”

வயது நாற்பத்தொன்பது. கைலியை மடித்துக் கட்டினால் வில்லாக வளைந்த கால்கள் தெரியும். காலை ஐந்தே முக்காலுக்கு அவர் ஓட்டும் பஸ் எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, ஊரைக் குறுக்கே கடந்து, லைங் தாயாவில் நாங்கள் வேலை பார்க்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும். ஆலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸுக்கு இங்கே ஃபெர்ரி என்று பெயர். ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாலத்தின் மேல்தான் போகிறது. நான் தைத்த சட்டைகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். மூன்று வருடமாக அவருக்கு நேர் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவர் கழுத்து திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன்.

முன்பு அவர் பந்தாட்டக்காரர். ஓர் அரசுத் துறையின் அணியில் தொடங்கி, அப்புறம் சம்பளம் கொடுக்கிற கிளப் ஒன்றில் முடித்தார். மொத்தம் பதினான்கு வருடம், எல்லாம் நடுக்களத்தில். அடித்த கோல் மூன்று. “அதுல ஒண்ணு நம்ம கோல்லயே போயிருச்சு” என்று அவரே சொல்லிவிடுவார். நடுக்களக்காரன் வேலை கோல் அடிப்பதில்லை, அடிக்கிறவனிடம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அவர் கட்சி. பஸ் ஓட்டுவதும் கிட்டத்தட்ட அதுதானாம்.

அந்தக் கிளப்புக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். அவரும் ஒரு காலத்தில் நடுக்களத்தில் ஆடியவர். பெயர் கோர்லி. பையன்கள் வாயில் அது ‘கோ லே’ ஆகிவிட்டது. பர்மிய மொழியில் சின்னண்ணன் என்று பொருள். அறுபது வயது வெள்ளைக்காரரை ஒரு ஊரே சின்னண்ணா என்று கூப்பிட்டது. அவர் பேசும் ஆங்கிலம் கிளப் வைத்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கே பிடிபடவில்லை. செல்லக்கண்ணுக்குப் புரிந்தது.

“இங்கிலீசு எனக்கு என்ன தெரியும்? அவரு கையக் காட்டுவாரு, நான் அந்தப் பக்கம் பாப்பேன். அங்க ஒரு ஆளு சும்மா நிப்பான். ஓ, அவனச் சொல்றாருன்னு வெளங்கிரும்.”

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோ லே டாக்சி பிடித்துச் செல்லக்கண்ணு வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி புஷ்பா இலை போட்டுச் சோறு பரிமாறினார். மனிதர் வேர்க்க விறுவிறுக்க ரசம் வரைக்கும் வந்து, கை கழுவி, உட்கார்ந்து, நாளைக்கு நீ ஆட்டத்தில் இல்லை என்றார். இனிமேல் எப்போதும் இல்லை, கால் மெதுவாகிவிட்டது, ஆனால் கண் மெதுவாகவில்லை, அதனால் வெளியே என் பக்கத்தில் உட்கார் என்றார். செல்லக்கண்ணு அதையும் சரியாகப் புரிந்துகொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது.

“மத்தவனெல்லாம் செவுத்துல லிஸ்ட்ட ஒட்டிட்டுப் போயிருவான். நாம போயி நம்ம பேரத் தேடணும். இந்த மனுசன் வீடு தேடி வந்து மொகத்தப் பாத்துச் சொன்னாரு” என்று இன்றும் மரியாதையாகச் சொல்வார். புஷ்பா அக்காவின் கருத்து வேறு. “எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்க வீட்டு ஆள வேலைய விட்டுத் தூக்கிட்டான். திங்கிறதுக்கு முந்தி சொல்லியிருந்தா ரசம் ஊத்தியிருப்பேனா?”

இரண்டு பருவம் கோ லேயின் பக்கத்தில் உட்கார்ந்தார் செல்லக்கண்ணு. பயிற்சியாளர் சான்றிதழ்த் தேர்வும் எழுதித் தேறினார். பிறகு வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டார், கிளப்பையும் மூடிவிட்டார்கள். சான்றிதழ் இப்போது பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

எங்கள் ஆலைக்கு முன்பு ஆண்கள் அணி இருந்தது. பாதிப் பேர் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். இந்த நாட்களில் இளைஞர்கள் ஏன் போகிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பந்தும் வலையும் மூலையில் கிடந்தன. தையல் வரிசை ஒன்றுக்கு சூப்பர்வைசராக இருக்கும் புஷ்பா அக்காதான் மேலாளரிடம் போய், “பொம்பளப் புள்ளைங்க ஆடட்டும்” என்று கேட்டார். ஆள் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கணும் என்று நழுவிய பெண்களைப் பஸ்ஸில் ஏறும்போதே மடக்கினார். கோலில் நிற்க ஒருத்தியும் வராததால் நாற்பத்து மூன்று வயதில் தானே நின்றார். கடைசியாகக் கணவரையும் இழுத்து வந்து மைதானத்தில் விட்டார். “சர்டிபிகேட்ட மாட்டி வச்சா போதுமா? எறங்குங்க” என்றார்.

அன்று முதல் செல்லக்கண்ணு அந்தப் பெண்களுக்கு ‘ஸயா’, அதாவது வாத்தியார். கத்த மாட்டார். ஒரு பெண் தப்பாக ஆடினால் பக்கத்தில் போய், அவள் நின்ற இடத்தில் தானே நின்று, “இங்கேருந்து என்ன தெரியுதுன்னு பாத்தேன். ஒனக்கு அவ தெரியலயா?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்பார். அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம். மூன்றாவது வருடத்தில் சுதந்திர தினக் கோப்பையில் எங்கள் ஆலை அரையிறுதிக்கே வந்துவிட்டது.

அரையிறுதியில் ஜெயித்தோம், மூன்றுக்கு இரண்டு. வாங்கிய இரண்டு கோலும் ஒரே மாதிரி: வலது ஓரம், தரையோடு தரையாக. நாளெல்லாம் வரிசையில் குனிந்து நிமிர்கிற புஷ்பா அக்காவின் இடுப்பு அந்த ஓரத்துக்கு இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் பாடினார்கள். செல்லக்கண்ணு பாடவில்லை.

மறுநாள் ஆலை வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பொதி கட்டும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நாஜியா என்ற பெண், இருபத்திரண்டு வயது, லாரி மேலிருந்து வீசுகிற வெற்று அட்டைப்பெட்டிகளைப் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இடது பக்கம், வலது பக்கம், காலடியில் என்று எங்கே வந்தாலும் பிடித்தாள். அணியில் மாற்று ஆளாகப் பெயர் இருந்ததே தவிர அதுவரை ஆடியதில்லை. செல்லக்கண்ணு போய், இறுதி ஆட்டத்தில் கோலில் நிற்கிறாயா என்று கேட்டதும் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா எடத்துல நானா? வேணாம் ஸயா. அக்கா என்னைய உரிச்சுருவாங்க.”

“என்னையத்தான் மொதல்ல உரிப்பா. ஒன் மொற வர்றதுக்குள்ள மேட்சு முடிஞ்சுரும்” என்றார் செல்லக்கண்ணு.

சொல்வது சுலபமாக இருந்தது. வீட்டில் சொல்வதுதான் ஆகவில்லை. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வாயைத் திறந்தார், உப்புக் கேட்டார். செவ்வாய்க்கிழமை புஷ்பா அக்கா கையுறையைத் துவைத்துக் கொடியில் காயப்போடுவதைப் பார்த்து, அப்படியே வெற்றிலை வாங்கப் போய்விட்டார். “பட்டியல்ல பேரெழுதிச் செவுத்துல ஒட்டிரலாமான்னு கூடத் தோணுச்சு. வெக்கமாப் போச்சு” என்று அப்புறம் என்னிடம் சொன்னார். புதன்கிழமை சாயங்காலம், தட்டில் சோறு விழுந்ததும், முதல் கவளத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

“சாப்பாட்டுக்கு முந்தியே சொல்லிட்டேன். கோ லே பண்ணுன தப்ப நானும் பண்ணக் கூடாதுல்ல?”

“அக்கா என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“‘யாபாதே’ன்னா.”

பரவாயில்லை என்பதற்குப் பர்மியச் சொல் அது. அந்த வீட்டில் கரண்ட் பில் கொண்டுவருகிற ஆளிடம்தான் பர்மிய மொழி பேசுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் புஷ்பா கணவரிடம் அந்த மொழியில் பேசியது அன்றைக்குத்தான். பேசிவிட்டுச் செல்லக்கண்ணுவின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, எதிரில் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

“மீன் கொழம்பு” என்றார் செல்லக்கண்ணு. “என் கண்ணு முன்னாடியே.”

சாப்பிட்டு முடித்த பிறகு புஷ்பா ஒரே ஒரு வாக்கியம் தமிழில் சொன்னாராம்: “மூணு வருசமா இந்த டீம என் முதுகுல தூக்கியாந்தேன், கடைசி வாசல்ல எறக்கி வச்சுட்டீங்க.” அதை என்னிடம் சொல்லும்போது செல்லக்கண்ணு சிரிக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் ஃபெர்ரியில் புஷ்பா அக்கா ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற தன் வழக்கமான இடத்தை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். செய்தி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை, ஜனவரி நான்கு, பர்மியச் சுதந்திர தினத்தன்று, இறுதி ஆட்டத்துக்கு அக்கா வருவாரா மாட்டாரா என்று பந்தயமே நடந்தது. வந்தார். எல்லாரும் ஏறிய பிறகு, கையுறையும் காலணியும் போட்ட பையோடு கடைசி ஆளாக ஏறினார். யாரையும் பார்க்கவில்லை.

எதிரணி ஷ்வேப்யிதாவில் உள்ள ஓர் ஆலை. நல்ல வெயில், புழுதி மைதானம், ஓரத்தில் ஐஸ் வண்டி. நாஜியா ஒரு மூலையில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள். புஷ்பா அக்கா காலணியை மாட்டிக்கொண்டு அவளிடம் போனார்.

“ஏய், வா இங்க. நில்லு.”

நின்றாள். அக்கா பத்தடி தள்ளி நின்று பந்தை வீசினார். வலது ஓரம், தரையோடு. மறுபடி வலது ஓரம். பலம் அத்தனையும் போட்டு, இருபது நிமிடம், அதே ஓரத்துக்கு வீசினார். அந்தக் கோபம் யார் மேல் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். செல்லக்கண்ணு தலையைக் குனிந்து பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் இருந்தது ஏழு பேர்தான்.

ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடத்தில் நாஜியா தேவையில்லாமல் முன்னால் ஓடிவந்தாள், பந்து தலைக்கு மேலே போய்க் கோலில் விழுந்தது. “ஸயா, அக்காவ எறக்குங்க!” என்று எங்கள் பக்கத்திலிருந்தே நாலைந்து குரல். மாற்று ஆளை எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம் என்பது அங்கே விதி. புஷ்பா அக்கா எழுந்து நின்றுவிட்டார். செல்லக்கண்ணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மைதானத்தையே பார்த்தார்.

“மாத்தல” என்றார்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார், இடைவேளையிலும் நின்றார். இரண்டாவது பாதியில் எங்கள் எட்டாம் எண் ருக்சானா ஒன்று அடித்துச் சமன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் கூட்ட நெரிசலில் யார் முழங்காலிலோ பட்டு எங்களுக்கு இன்னொரு கோலும் விழுந்தது. கடைசி நிமிடத்தில் ஷ்வேப்யிதாக்காரி ஒருத்தி தனியாக வந்தாள். அவள் கால் பின்னால் போகும்போதே மைதானமே அதிர ஒரு குரல்: “கீழ! வலது!”

நாஜியா விழுந்தாள். பந்து அவள் நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது.

விசில் ஊதியதும் அந்தப் பெண் ஸயாவிடம் ஓடவில்லை. நேராகப் புஷ்பா அக்காவிடம் ஓடிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகில் தட்டிக்கொண்டே, “முன்னால ஓடியாந்த பாரு, அதுக்கு நாளைக்கு இருக்கு ஒனக்கு” என்றார்.

கோப்பையும் ஆளுக்கொரு போர்வையும் கொடுத்தார்கள். புகைப்படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்று “ஸயா! ஸயா!” என்று கத்தினார்கள். ஆளைக் காணவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன்.

மைதானத்தின் அந்தக் கோடியில், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டி மேல் புஷ்பா அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம்கூட ஆடாத காலணி, ஆட்டம் முழுக்க நின்றதில் வீங்கிப் பிதுங்கிய கால்கள். கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தார். குனிந்து அவிழ்க்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அத்தனை பேர் பார்க்கிற இடத்தில், செல்லக்கண்ணு புழுதியில் முழங்காலிட்டு, அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, நகத்தால் முடிச்சை நெம்பிக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ இறுக்கியா கட்டுவாங்க?”

“எறங்குவேன்னு நெனச்சுக் கட்டுனேன்” என்றார் புஷ்பா. தமிழில்தான் சொன்னார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முடிச்சு அவிழ்ந்தது. செல்லக்கண்ணு காலணியைக் கழற்றி, காலுறையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டு, பாதத்தை மெல்லக் கீழே வைத்தார். புஷ்பா இன்னும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே இன்னொரு காலையும் நீட்டினார்.