நிழலில் காய்ந்த தீவனம்

எங்கள் பக்கத்தில் நிலக்கடலை காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டோம். ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குவோம். கலகலவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. எங்கள் ஊரான குடுபல்லியில் நானும் என் வீட்டுக்காரரும் மீன் தீவனம் செய்ய ஆரம்பித்தபோது அதையும் அப்படித்தான் காயவைத்தோம். கடலைப் பிண்ணாக்கு, தவிடு, பட்டுநூல் எடுத்தபின் மிஞ்சும் புழு எல்லாவற்றையும் அரைத்துப் பிசைந்து மெஷினில் விட்டால் குச்சி குச்சியாக விழும். அதை மொட்டை வெயிலில் கொட்டி, குலுக்கிப் பார்த்து, சத்தம் கேட்டுப் பூரித்துப் போனோம்.

அந்த மெஷின் கறவை மாடுகளை விற்று வாங்கியது. அது ஓடினால் என் வீட்டுக்காரர் ஊரில் இருப்பார். இல்லையென்றால் மறுபடியும் பெங்களூருக்கு ரயிலேறி சென்டரிங் வேலைக்குப் போகவேண்டும். எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து போவார். எனக்கு அந்தப் பிழைப்பு அறவே பிடிக்காது.

கங்காதர நெல்லூர் பக்கம் மீன் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், ஒரு சின்னக் குட்டையில் மட்டும் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார். ஓட்டை போட்ட சாக்கில் தவிட்டைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவதுதான் அவர் வழக்கம். நாங்கள் தீவனத்தைத் தட்டில் வைத்துக் கயிறு கட்டி இறக்கினோம். சற்று நேரம் கழித்துத் தூக்கினால் தட்டில் கூழ்தான் இருந்தது.

"இன்னாம்மா, மீனுக்குக் கஞ்சி காச்சிக்கினு வந்தீங்களா?" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரில் வெயிலில் காய்ந்த குச்சியைப் போட்டேன். இன்னொரு சொம்பில், மெஷின் கொட்டகைக்குள் சிந்தி அங்கேயே காய்ந்து கிடந்ததைப் போட்டேன். வெயில் பட்டதில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. உடனே கரைந்தது. மற்றது அப்படியே கிடந்தது.

"யோவ், கடலைய காயவெக்கிற மாதிரி காயவெச்சிட்டோம்யா. இதுக்கு நெழலே போதும்."

"நெழல்ல போட்டா சத்தமே வராதேமே?"

"சத்தத்தையா மீன் துன்னுது?"

நிழலில் காயவைத்து மறுபடியும் எடுத்துக்கொண்டு போனோம். பண்ணைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தட்டை இறக்கிய இடத்தில் தண்ணீர் லேசாக அசைந்தது. பிறகு ஒரு வால், அதன் பின்னால் கூட்டமாகக் கட்லாவும் ரோகுவும். என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றைப் பிடுங்கி நானே தூக்கினேன்.

தட்டு கழுவி வைத்ததுபோல இருந்தது. பண்ணைக்காரர் அதை வாங்கி, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாகுந்திம்மா, நல்லா கீது. வர்ற வாரத்துல இருந்து எல்லாக் குட்டைக்கும் குடுக்க முடியுமா?"

"பாத்துட்டு..." என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"முடியும்ணா" என்றேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இவருடைய போன் அடித்தது. பெங்களூர் மேஸ்திரி, எப்போது வேலைக்கு வருகிறாய் என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் போனைப் பிடுங்கினேன். சந்தோஷத்தில் என் குரல் பஸ்ஸுக்கே கேட்டிருக்கும்.

"அவுரு வரமாட்டாருண்ணா. இங்க எங்க மெஷினு ஓடிக்கினு கீது."