யார் மகள் என்று கேட்காதவள்

எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அப்பா அவளுடைய போட்டோ ஒன்றைக்கூட வீட்டில் விட்டுவைக்கவில்லை. அவள் எப்படி இருப்பாள் என்பதை நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கெங்குவார்பட்டியில் என்னை வளர்த்த அத்தை "அட்டக் கருப்பு" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் "நல்ல செவத்த பிள்ளை" என்பார். பெரியப்பாவைக் கேட்டால் குட்டை, பெரியம்மாவைக் கேட்டால் நெட்டை. ஆளாளுக்கு ஒரு அம்மாவைக் கொடுத்தார்கள். எனக்கு ஒருத்தியும் கிடைத்தபாடில்லை.

அப்பா இருந்தவரை நான் தேடவில்லை. அவர் செத்த மறுவருஷம், இரண்டாயிரத்து மூன்று வாக்கில், ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, "ஒங்கம்மா சுருளிப்பட்டியில திராச்சத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போகுது, தெரியும்ல?" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கமெல்லாம் இல்லை. பார்த்தே ஆகவேண்டும் என்ற குறுகுறுப்புதான்.

எனக்கு அப்போது கல்யாணமாகி நாலு வருஷம். பெரியகுளத்தில் உரக்கடை வேலையில் இருந்த என் கணவர், "போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன்" என்றார். கம்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தோழி வீட்டில் தங்கி, அவளுடைய பழைய சேலையைக் கட்டி, தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் போலவே மேலே ஒரு ஆம்பளைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் கிளம்பினேன். நான் உன் மகள் என்று அவளிடம் சொல்வதாக இல்லை. என்னைப் பார்த்தால் அவளுக்குத் தெரிகிறதா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரியாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவது. ஊர் கேட்டால் சின்னமனூர், அப்பா கொத்தனார் என்று ஒரு பொய்யும் தயாராக இருந்தது.

சுருளிப்பட்டி டீக்கடையில் விசாரித்தபோது, ஒரு கூட்டம் பெண்களை நடுவில் நின்று அதட்டிக்கொண்டிருந்தவளைக் காட்டினார்கள். கருப்புமில்லை, சிவப்புமில்லை. குட்டையுமில்லை, நெட்டையுமில்லை. எங்கள் ஊரில் ஒருவர்கூட உண்மை சொல்லவில்லை என்று தெரிந்தது.

அன்றைக்கு என்னோடு இன்னும் இரண்டு பேர் புதுசு. "ஆத்தா, எந்த ஊரு நீ? யாரு மக? வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று இருவரையும் குடைந்தெடுத்தாள். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் அவரவர் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே. என் முறை வந்தது. ஒரு பார்வை பார்த்தாள். என் கையில் ஒரு கத்தரியை வைத்து, "வா" என்று முன்னால் நடந்துவிட்டாள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. என் பொய்யைக்கூட வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

"கொத்தத் தொடாத. காம்பப் புடிச்சு வெட்டு. பழத்து மேல உள்ள வெள்ளை மாவு அழிஞ்சா ஏவாரி எடுக்க மாட்டான்" என்று பந்தலுக்குக் கீழே சொல்லிக்கொடுத்தாள். நான் திராட்சையைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். குனிந்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். காப்பியை ஊதாமல் குடிக்கிறாள். தோட்டக்காரர் பேசுவதுபோலவே அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக்காட்ட, பந்தலே சிரிக்கிறது. நானும் சிரித்துவிட்டேன். உடனே ஆத்திரம் வந்தது. இவ்வளவு கலகலப்பையும் ஊராருக்குக் கொடுக்கிறவள் எனக்கென்று கொஞ்சம் வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு பெண் என்னிடம், "நீ யாரு மக, ஆத்தா?" என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் தூரத்திலிருந்து அவள் சத்தம் போட்டாள். "அந்தப் பிள்ளைய என்னத்துக்குடி நோண்டுற? திங்க விடு." எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பியபின், மோட்டார் ரூம் தொட்டியில் கத்தரிகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாரையும் யாரு மகளுன்னு கேட்டீக. என்னைய மட்டும் ஏன் கேக்கல?"

அவள் திரும்பவில்லை. "கேட்டா நீ ஏதாச்சும் பொய் சொல்லியிருப்ப. ஏங்கிட்ட நீ பேசுற மொதப் பேச்சு பொய்யா இருக்க வேணாம்னுதான் கேக்கல."

"எப்பத் தெரிஞ்சது?"

"பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வாரயிலயே. அப்படியே ஒங்கப்பா நடை."

அம்மா சாயலைத் தேடிப் போனவளுக்கு அப்பா நடைதான் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வந்து, அது அழுகையாகிவிட்டது. அவள் அழவில்லை. ஆனால் கழுவிய கத்தரியையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"ஏன் என்னைய விட்டுட்டுப் போனீக?"

"அதச் சொல்ல ஒரு நா பத்தாது. நாளைக்குக் கீழத் தோட்டத்துல வெட்டு இருக்கு. இங்கனயே தங்கு, சொல்றேன். கேட்டுட்டுத் திட்டணும்னா திட்டு."

பஸ் ஸ்டாப் பக்கம் இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து உரக்கடைக்குப் போன் போட்டு என் கணவரைக் கூப்பிடச் சொன்னேன். கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் சண்டை வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு. நாலு வருஷத்தில் நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் அம்மா வீட்ல இருக்கேன். ரெண்டு நாள் கழிச்சு வாரேன்."

"எங்க இருக்க?" என்றார். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

"எங்கம்மா வீட்ல" என்றேன், பூத்துக்காரர் திரும்பிப் பார்க்கும்படி.