பத்து மணிப் பூவும் எட்டு மணி ஜீப்பும்

என் மனைவியிடம் யாரும் அவளுடைய டேபிள் ரோஸைப் பழித்துப் பேசிவிட்டுத் தப்ப முடியாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் டேலியா வளர்ப்பவர். ஒருநாள் வேலியோரம் நின்று, "இதெல்லாம் ஒரு பூவா? கிள்ளிப் போட்டா தன்னால வருமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், எங்கள் சுரங்க டவுன்ஷிப்பின் தோட்டப் போட்டிக்கு இவள் பெயர் கொடுத்துவிட்டாள். பரிசுகூட இரண்டாம்பட்சம், நடுவர்கள் வாயால் அதைப் பூ என்று சொல்ல வைக்க வேண்டும்.

எங்களுடையது பழைய ரகம். ஐந்தே இதழ், கண்ணைப் பறிக்கும் கருஞ்சிவப்பு. அடுக்கு இதழில் புதுப்புது நிறங்கள் நர்சரிக்கு வந்திருந்த காலம் அது. இவள் ஒன்றையும் சீண்டவில்லை. திருவதிகையில் பிறந்த வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்த தண்டுகளையே கிள்ளிக் கிள்ளி நட்டு, வாசலிலிருந்து வேலிவரை மண் தெரியாமல் ஆக்கியிருந்தாள். நான் தென்காசிப் பக்கத்துக்காரன். செடி என்றால் காய்க்க வேண்டும் என்பவன். எனக்கே அந்தப் பாத்தியைக் கடக்கும்போது கால் தயங்கும்.

ஒரே சிக்கல், பத்து மணி வாக்கில் வெயில் ஏறாமல் அது கண் திறக்காது. எங்கள் பிளாக்கில் அதற்கு 'ஜெனரல் ஷிப்ட்' என்றே பெயர். ஆற அமர வந்து, பொழுது சாயுமுன் கிளம்பிவிடுமாம். நைட் ஷிப்ட்காரர்களின் வயிற்றெரிச்சல் வைத்த பெயர்.

நடுவர்களின் ஜீப் எட்டு மணிக்கே வந்து நின்றது. மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன்.

"என்னாங்க, தூங்கிகினு இருக்கீங்க! வந்து பேச்சு குடுங்க, அவங்க கெளம்பிடுவாங்க!"

வெளியே மூன்று பேர் மூடிய மொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பூவே இல்லையேம்மா" என்றார் அவர்களில் மூத்தவர்.

"வெயிலு வந்தா பூக்குங்க சார். எங்க வூட்ல ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க."

பாத்தியைப் பார்த்தபடி நாற்காலிகள் போட்டாள். ஒரு வாய் என்றது நெய் தோசையாகி, வடையாகி, கேசரியில் வந்து நின்றது. எழ நினைத்தவர் தட்டில் இன்னொரு தோசை விழுந்தது. நானோ உலகத்தில் உள்ள எல்லாக் கதையையும் பேசித் தீர்த்துவிட்டேன். என்ன துணிச்சல் இவளுக்கு என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேயிருந்தேன்.

ஒன்பதரை வாக்கில் மாமரத்தைத் தாண்டி வெயில் இறங்கியது. முதலில் ஓரத்தில் ஒன்று அவிழ்ந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை, பாத்தி முழுக்கச் சிவந்துவிட்டது. மூத்தவர் எச்சில் கையோடு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். "அடேங்கப்பா" என்றார்.

முதல் பரிசு டேலியாவுக்குப் போனது. விழா முடிந்ததும் இவள் நேரே மூத்தவரிடம் போய்க் காரணம் கேட்டாள். அவர் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குத்தான்னு பேசி வெச்சிருந்தோம்மா. ஆனா, சாப்பாடு போட்ட வீட்டுக்கே பரிசு கொடுத்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் முகமோ மலர்ந்துவிட்டது.

"அப்ப பூவுல ஒரு கொறையும் இல்லைங்களே?"

"பூவுலயா? அப்படி ஒரு பூவை நான் பாத்ததே இல்லம்மா."

கோப்பையோடு பின்னால் நின்ற பக்கத்து வீட்டம்மாளிடம் திரும்பினாள்.

"கேட்டுகினீங்களாக்கா? நான் தோசையாலதான் தோத்தேன்."