ஜிங்க் குச்சியும் என் சீட்டுகளும்

கடல் என்ஜினைக் கெடுப்பது உப்புத்தண்ணீர் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது பேட்டைப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது.

சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு புரியும். அதிலும் எனக்குக் குரல் எழும்பாது. சொல்ல வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி நீட்டிவிடுவேன். அப்படித்தான் மிக்கேல் அண்ணாச்சியிடமும் மாட்டினேன். ஐப்பசி வாடைக்காற்று தொடங்குமுன் சரிபார்க்க, கடற்கரையிலிருந்து தன் வள்ளத்து என்ஜினை மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். போன வருடம் அது நடுக்கடலில் சூடாகி நின்றுவிட, அவருடைய மகன்கள் இருவரும் ஒரு பகல் முழுக்க மிதந்திருக்கிறார்கள். வாடையில் நின்றால் இழுத்துவர யாரும் கிளம்ப மாட்டார்கள்.

தேயாத போல்ட்

என்ஜினின் கூலருக்குள் ஒரு ஜிங்க் குச்சி இருக்கும். உப்பு செப்புக் குழாயை விட்டுவிட்டு அதைத் தின்னட்டும் என்றுதான் வைப்பது. மெக்கானிக் காஜா அண்ணன் கழற்றினால், குச்சி இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு ஸ்டீல் போல்ட். குழாய்கள் சல்லடையாகியிருந்தன. ‘குச்சி தேய்வதற்காகவே வைப்பது’ என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நீங்க தந்த குச்சி ஆறே மாசத்துல கரைஞ்சிட்டு பிள்ள. நான் போட்டதப் பாரு, ஒரு பொட்டுத் தேயல!”

பச்சைத் தண்ணீர்

குழாய்களை மாற்றி, தொட்டியில் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலன்ட் நிரப்பி, ‘திறக்க வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். வேலை முடியும்வரை சேரன்மகாதேவியில் மகள் வீட்டில் தங்கியிருந்த அண்ணாச்சி, அந்த நேரம் பார்த்து ஒரு கேனோடு வந்திருக்கிறார். திரும்பி வந்தால் தரையெல்லாம் பச்சை. மறுபடி வடித்து, கழுவி, நிரப்ப அரை நாள் போயிற்று. காஜா அண்ணன் தலையில் கைவைத்தார். அண்ணாச்சிக்கோ எங்கள்மேல் கோபம்.

“பாசி புடிச்ச தண்ணிய ஊத்தி வச்சிருக்கியரே வே! ஆத்துத் தண்ணி மாத்திட்டேன். எம் பேரப்பிள்ளைங்க குடிக்குத தண்ணி, என்ஜினுக்கு ஆவாதோ?”

சத்தம் கேட்டல்

எந்த வள்ளக்காரரும் பட்டறையிலேயே ஒருமுறை ஓட்டிச் சத்தம் கேட்காமல் என்ஜினை ஏற்ற மாட்டார். ஆனால் கடல்தண்ணீரை இழுக்கும் பம்பில் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சற்று நேரத்தில் கருகிவிடும். எங்களிடம் இருந்த கடைசிச் சக்கரம் அதில்தான் இருந்தது. ‘தண்ணீர்க் குழாய் மாட்டாமல் ஓட்டக் கூடாது’ என்று எழுதிச் சாவியிலேயே கட்டியிருந்தேன்.

காஜா அண்ணன் லாரியில் கயிறு தேடிக்கொண்டிருந்தார். குழாய் தரையில் கிடந்தது. அண்ணாச்சி என் சீட்டை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு சாவியைப் பிடித்தார். கருகிய சக்கரத்தோடு அவருடைய மகன்கள் இருவரும் கடலுக்குப் போவதை நினைத்தேன். “கைய எடும் வே!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் பட்டறை லேத் நின்றது. அண்ணாச்சி கை அப்படியே நின்றது. காஜா அண்ணன் ஓடிவந்து குழாயை மாட்டி ஓட்டினார். சூடு காட்டும் முள் நடுவில் போய் அசையாமல் நின்றது. அண்ணாச்சி முள்ளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“இம்புட்டுத் தொண்டைய வச்சிக்கிட்டு என்னத்துக்குட்டி பத்து நாளா சீட்டு எழுதித் தந்த? கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்துத் தெரியாதே!”

இப்போது எங்கள் பட்டறையில் தேய்வதற்காகவே வைத்திருப்பவை இரண்டு: ஜிங்க் குச்சி, என் தொண்டை.